கடலுக்குப் போயிருக்கிறார்

மச்சான்,

இன்று காலை சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி கேட்டது. கையில் டீ டம்ளர். முட்டி வலியோடு எழுந்து கடலைப் பார்த்து நாலு எட்டு வைத்துவிட்டேன். வந்தவன் ஐஸ்காரன். மருமகள் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நீ கண்ணை மூடி ஆறு வருடமாகியும் எந்த மணி கேட்டாலும் உன் தபால் சைக்கிள் என்றே தோன்றுகிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே நம் குப்பத்தில் இறாலுக்குத் திடீரென்று விலை வந்த வருடங்கள் அவை. பட்டணத்துக் கம்பெனி செக்காகத்தான் கொடுப்போம் என்றது. குப்பத்தில் பேங்க் கணக்கு வைத்திருந்தவன் நான் ஒருத்தன். அதனால் இருபது கட்டுமரத்து இறாலும் என் பெயரில் போயிற்று, செக்கும் என் பெயரில் வந்தது. சனிக்கிழமை பணத்தை எடுத்துவந்து, மணலில் துண்டை விரித்து, அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுப்பேன். யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. மாமன் மச்சானிடம் கையெழுத்துக் கேட்டால் அசிங்கம் அல்லவா? ஊர்ப் பணம் முழுவதும் என் ஒருத்தன் வருமானமாக ஏறிக்கொண்டிருந்தது இந்த மரமண்டைக்குத் தோன்றவே இல்லை.

முதலில் வந்த இரண்டு காகிதங்கள் இங்கிலீஷில் இருந்ததால் கூரையில் செருகிவைத்தேன். மூன்றாவது, வருமான வரி ஆபீசிலிருந்து ரிஜிஸ்டர் தபால் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாய். அச்சரப்பாக்கத்தில் எவனோ ஒரு வியாபாரி வீட்டில் அண்டா குண்டானைக்கூட ஜப்தி செய்தார்கள் என்று லாரி டிரைவர் ஏற்கெனவே கதை சொல்லியிருந்தான். வாங்கினால்தானே கட்ட வேண்டும் என்று நினைத்தேன். தோப்பில் உன் மணி கேட்டதும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விடுவேன். மீன் பிடிக்க அல்ல. அலைக்கு அப்பால் உட்கார்ந்து, கரையில் உன் காக்கிச் சட்டை எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான்கு நாள் அப்படிப் போயிற்று. சோறு இறங்கவில்லை. புயலிலும் கடல்மேல் எனக்கு வராத பயம் ஒரு காகிதத்தின்மேல் வந்தது.

ஐந்தாம் நாள் நீ போகவில்லை. வெயிலில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாய். மத்தியானம் தாகம் தாங்காமல் நானே கரைக்கு வந்தேன். திட்டுவாய் என்று நினைத்தேன்.

"நாளன்னிக்கு இத திருப்பி அனுப்பணும்டா. அப்பால என் கையில இல்ல. பிரிச்சிப் பாரு. இன்னா எழுதிக்கீதுன்னாவது தெரியட்டும்" என்றாய்.

கையெழுத்துப் போட்டேன். பிரிக்கத் துணியாமல் உன்னிடமே நீட்டினேன். நீதான் பிரித்தாய். தொகையைப் படித்தபோது உன் குரலே இறங்கிவிட்டது. வீடு, கட்டுமரம், வலை, பெண்டாட்டி தாலி எல்லாம் விற்றாலும் பாதி தேறாது. இப்படியே கடலோடு போய்விடுகிறேன் என்றேன். அதைச் சும்மா சொல்லவில்லை என்பது உனக்குப் புரிந்தது. என் முழங்கையைப் பிடித்தவன் வெகுநேரம் விடவில்லை.

"கட்ட முடிலன்னு போய் சொல்றது குத்தம் இல்ல மச்சான். ஒளிஞ்சிகினு கீறதுதான் குத்தம்."

பங்கு வாங்கியவர்கள் வந்து உண்மையைச் சொன்னால் தொகை குறையும் என்றாய். ஒருத்தரும் அசையவில்லை. வந்தால் தங்களுக்கும் ஒரு காகிதம் வரும் என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நீ லீவு போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினாய். இத்தனை வருடம் மணியார்டர் கொண்டுவந்து கொடுத்தவன் கேட்கிறேன் என்று கேட்டாயாம். கடைசியில் ஏழு பேர் நம்மோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்கள்.

அதிகாரி காகிதத்தைவிட உறையைத்தான் அதிகம் பார்த்தார். அதன்மேல் நான்கு தேதிக்கும் உன் கையெழுத்தில் ஒரே வரி: 'கடலுக்குப் போயிருக்கிறார்.' இவர் வாங்க மறுத்தாரா என்று உன்னைக் கேட்டார். என்னால் உன் வேலையும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"இல்ல சார். நான் போறப்பல்லாம் கடல்லதான் இருந்தாரு" என்றாய்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஏழு பேர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். பிற்பாடு தொகை குறைந்தது. மிச்சத்தைத் தவணையில் கட்ட விட்டார்கள். அதைக் கட்டி முடிக்க மூன்று வருடம் ஆனது.

அன்று திரும்பும்போது, திருக்கழுக்குன்றம் தாண்டியபின், எல்லா வீட்டுக்கும் வாசலில் வந்து மணியடிக்கிறவன் எனக்கு மட்டும் ஏன் தோப்புக்கு அந்தப் பக்கமே அடித்தாய் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"மறுத்துட்டான்னு எழுதினா, பிரிக்காமலே நீ வாங்கின கணக்காயிடும். பொய் எழுதினா என் வேல பூடும். அதான், நீ கடலுக்குப் போற வரிக்கும் அடிச்சிகினு இருந்தேன்."

கையிலிருந்த பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியிருந்தாய். நீயும் அத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பயம் போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை. மகனின் படகுக் கடன், அது இது என்று ரிஜிஸ்டர் தபால் இப்போதும் வருகிறது. கால் முதலில் கடல் பக்கம்தான் திரும்பும். அதை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். புதுத் தபால்காரப் பிள்ளை கிளம்பப் பார்ப்பான். ஒரு நிமிஷம் இருப்பா என்று சொல்லி, அவனை நிற்கவைத்து, அவன் எதிரிலேயே பிரிக்கிறேன். தனியாகப் பிரிக்க எனக்கு இன்னும் வரவில்லை, மச்சான்.