மச்சான்மாரின் பியானோச் சண்டை

குருநகர்,
உயிர்த்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை.

அன்புள்ள மருமகன் சிமியோனுக்கு,

மாமா நீக்கிலாப்பிள்ளை எழுதுவிப்பது. நானும் மாமியும் டிலக்ஷியும் தேவதாயின் காவலில் சுகமாயிருக்கிறோம். லண்டனில் நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குப் புதிதல்ல. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் என் கதையைத் திருத்தித்தான் எழுதுவாள். ஆட்கள் சொன்னதை மட்டும் சொன்னபடியே விடு பிள்ளை என்று கேட்டிருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. எங்கள் மகன், உன் மச்சான் றோய் திரும்பவும் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டான். நீயும் பார்த்திருப்பாய். சிமியோனுடைய நியாயம் சுத்த மடத்தனம் என்று பியானோ திருத்துகிற உங்கள் ஆட்களின் இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறான். டிலக்ஷி அதை இங்கிலிசிலிருந்து தமிழாக்கி வாசித்தாள். மடத்தனம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமி எழும்பிப் போய் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். தான் பெற்ற பிள்ளை இன்னொருத்தனை மடையன் என்று ஏசியதற்கு மெழுகுதிரி கொளுத்திய தாய் குருநகரில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நானும் அன்றைக்குத்தான் ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் தபாலில் அனுப்புகிறேன் என்று நினைப்பாய். போனில் வந்தால் நீ ஒரு விரலால் தட்டி அதை அவனுக்கும் அனுப்பிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உன் வாயில் ஒன்றும் நிற்காது. கடுதாசியென்றால் அனுப்புவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பாய்.

உங்கள் சண்டை எனக்கு விளங்கியமட்டில் இதுதான். பியானோவுக்குள்ளே கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை இருக்கிறது. கம்பியின் சத்தத்தை எடுத்து வெளியே விடுவது அதுதான். அது நடுவில் கொஞ்சம் வளைந்து நிற்கவேண்டும், வளைவு போனால் பியானோ செத்தது, பலகையை மாற்று என்பது றோயின் கட்சி. வளைவு போன பலகையும் பாடும், பாரமும் விறைப்பும் பொருந்தியிருந்தால் போதும், சும்மா கிடக்கிறதை ஏன் கழற்றுகிறாய் என்பது உன் கட்சி. எங்கள் ஊர்க் கன்னியர் மடத்துப் பியானோ அப்படித்தான் பாடியது என்பது உன் சாட்சி. அமெரிக்கன் ஒருவன் படம் கீறிக் காட்டுகிறான். நோர்வேக்காரன் ஒருவன் எல்லோரையும் மறுக்கிறான். அந்தப் பக்கத்துக்குத் தலைவராயிருக்கிற ஸ்கொட்லாந்துக்காரர் மரியாதையாய் எழுதுங்கள், மரியாதையாய் எழுதுங்கள் என்று மன்றாடுகிறார். இந்தச் சண்டை றோய் ரொறன்ரோவில் பிரசாந்தியைக் கல்யாணம் முடித்த வருஷம் தொடங்கியது. அவள் கண்ணை மூடிய பிறகும் ஓயவில்லை.

இரவுச் செபமாலை முடிந்ததும் டிலக்ஷி அன்றன்றைய சண்டையை எங்களுக்கு வாசிப்பாள். மாமி முதலில் முணுமுணுத்தாள். இஞ்சாருங்கோ, பலகை வளைஞ்சா என்ன நிமிர்ந்தா என்ன, உதுக்கேன் ரெண்டு பேரும் கிடந்து குத்துப்படுறாங்கள், உங்கடை குடும்பத்துக்கு வேறை வேலையில்லையோ என்று கேட்டாள். பிறகு பார்த்தால் அவளும் ஒரு கட்சி. உன் கட்சி. சிமியோன் சொல்லுறதுதான் சரி, எங்கடையவன் பிறக்கேக்கையே தலைகீழாய் நிண்டவன் என்பாள்.

பிரசாந்தி போன பிறகு றோய் வீட்டோடு கதைப்பதை விட்டுவிட்டான். நாங்கள் எடுத்தால் போன் அடித்து ஓயும். பிறகு எடுக்கிறன் என்று ஒரு வரி வரும். அந்தப் பிறகு வராது. எங்களுக்கு அவனைப் பற்றிய செய்தி உங்கள் பியானோப் பக்கம் ஒன்றுதான். நீளமாய் எழுதி நோர்வேக்காரனையும் சேர்த்து ஏசினால் சாப்பிட்டிருக்கிறான். ஒரு வரியில் வெட்டினால் நித்திரையில்லை. காலையில் எழுதி மத்தியானம் அதையே திருத்தினால் தடிமன் காய்ச்சல். டிலக்ஷி சிரிப்பாள். ஆனால் அவளும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான், சிமியோன், நீ விட்டுக்கொடுத்தாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. பிரசாந்தியின் ஆண்டுத் திவசம் வருகிறதென்று டிலக்ஷி உனக்குச் சொல்லியிருக்கிறாள். பாவம், இவனோடு இனியும் என்ன மல்லுக்கட்டு என்று உன் மனம் இளகியிருக்கும். எங்கள் மடத்துப் பியானோவைப் பற்றி நான் இவ்வளவு காலமும் சொன்னது சின்ன வயது ஞாபகம், அது பிழையாயிருக்கும், ஆனபடியால் மச்சான் சொல்வதே சரி என்று எழுதினாய். உலகத்துப் பியானோக்காரர் எல்லோரும் கைதட்டினார்களாம். ஸ்கொட்லாந்துக்காரர் சமாதானம் உண்டாகட்டும் என்று எழுதினாராம். மாமிக்கு மட்டும் முகம் சரியில்லை. ஏன் உவன் இப்பிடிச் செய்தவன் என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடுத்தநாள் றோயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தபசு காலத்து நாற்பது நாளும் அப்படியே போயிற்று. அமெரிக்கன் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். பதிலில்லை. வென்றவன் எழுத என்ன இருக்கிறது என்று டிலக்ஷி சமாதானம் சொன்னாள். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. அந்த வீட்டில் அவனோடு எதிர்த்துக் கதைக்க ஒரு சீவன் இல்லை. இருந்த ஒரே எதிராளியும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

போகாத வள்ளம் இல்லை என் வாழ்க்கையில். காற்று மாறி ஆட்கள் கரை சேராத இரவுகளும் உண்டு. அப்போதெல்லாம் கரையில் நின்று பார்க்க ஒரு திசையாவது இருந்தது. ரொறன்ரோவுக்கு எந்தப் பக்கம் நின்று பார்ப்பது. மாமி செவ்வாய்க்கிழமைகளில் பாசையூர் அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போய் வந்தாள். நீயும் அவனுக்கு எடுத்துக் களைத்ததாக டிலக்ஷி சொன்னாள். என்ன பயந்தோம் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. இங்கேயும் அதை எழுதவேண்டாமென்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய வியாழனன்று டிலக்ஷி போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தாள். அவன் எழுதியது இவ்வளவுதான். என்ரை முடிவு சரி, ஆனா சிமியோன் அதுக்குச் சொன்ன நியாயம் மடத்தனம், மடத்துப் பியானோ பாடினது, நானும் பக்கத்திலை நிண்டு கேட்டனான், காதாலை கேட்டதைக் கேக்கேல்லையெண்டு சொல்லி என்னை வெல்லவைக்க இவன் ஆர். விளங்குகிறதா மருமகன். உன் சாட்சியை நீயே கைவிட்டாய். உன் எதிராளி அதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எழும்பி வந்திருக்கிறான்.

சனிக்கிழமை போன் வந்தது. அவனாகவே எடுத்தான். சுகமோ அப்பா என்று கேட்டான், பதிலுக்கு நிற்கவில்லை. மடத்துப் பியானோவின்ரை பின்பக்கம் உங்களுக்கு ஞாபகமிருக்கோ, இடம்பெயர்ந்து திரும்பி வந்த நேரம் நீங்கள்தானே தூக்கினது, பலகை வளைஞ்சு நிண்டதோ நிமிர்ந்து போச்சுதோ என்று கேட்டான்.

ஞாபகமில்லாமல் என்ன. யுத்தத்துக்கு ஓடிப்போயிருந்த தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தபோது மடத்து மண்டபத்துக்குப் பாதிக் கூரை இல்லை. அந்தப் பியானோ ஒரு மாரியை அப்படியே குடித்திருந்தது. என் வள்ளக் கூட்டாளி கந்தப்பு முன்பக்கம், நான் பின்பக்கம், மற்றப் பக்கங்களில் பாசையூர்ப் பெடியள். தூக்க முதல் பின்பலகையிலிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்துத் துடைத்தவன் நான். வள்ளப் பலகையோடு கிடந்த கைக்கு ஒரு பலகை வளைந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று தெரியாமல் போகுமா. புது அறையில் இறக்கி வைத்ததும் மடத்து மதர் சத்தம் பார்க்க ஒரு கட்டையை விரலால் அமத்தினா. அது பாடிற்று. வாசலில் நீயும் அவனும் ஈரக் காலோடு நின்றீர்கள்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, வயசு போச்சுது மோனை, உடனை வருகுதில்லை, யோசிச்சு வைக்கிறன் நாளைக்கு எடு என்றேன். டிலக்ஷி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஊரில் எவன் எந்த வருஷம் எந்த வள்ளம் வாங்கினான் என்று கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள்.

உயிர்த்த ஞாயிறன்று எடுத்தான். ஆர் ஆர் தூக்கினது என்று மட்டும் சொன்னேன். திங்களன்று எந்தக் கதவால் கொண்டுபோனோம் என்று சொன்னேன், பின்பக்கத்தில் ஒரு வெடிப்பு இருந்ததையும் சொன்னேன். எவ்வளவு நீளம் அப்பா என்றான். நினைவு வரட்டும் என்றேன். நடுவில் சாப்பிட்டியோ என்று கேட்டால் பதில் சொல்கிறான். கடையைச் சாத்திப்போட்டுக் கிடந்தனான், இப்ப திறந்திட்டன் என்றான். நேற்று அவனே சொன்னான். பிரசாந்திதான் கட்டையை அமத்துவாள் அப்பா, நான் பின்னாலை காது வைச்சுக் கேப்பன், இப்ப அமத்த ஆளில்லை. அவள் போன பிறகு அவள் பேரை அவன் வாயால் நாங்கள் கேட்டது நேற்றுத்தான். மாமி போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பத்து மணிச் செபமாலை சொல்லி முடித்தாள். அவனும் வைக்கவில்லை.

பலகை எப்படி இருந்ததென்று அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்கும் சொல்லமாட்டேன். டிலக்ஷிக்குச் சொன்னால் இதில் எழுதிவிடுவாள், அதனால் அவளுக்கும் இல்லை. ஒரு பியானோவை வைத்து உலகத்துப் பியானோக்களுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏலாது அப்பா என்று அவள் சொல்கிறாள். அப்படியென்றால் எனக்கும் நிம்மதி. ஒளித்து வைப்பதால் உங்கள் பியானோப் படிப்புக்கு ஒரு நட்டமும் இல்லை.

இங்கே மற்றப்படி சுகம். என் இடக்கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்தது, வலக்கண் வைகாசியில். உன் அம்மா லூர்த்தம்மாவின் நினைவுப் பூசையை ஆடியில் ஒப்புக்கொடுக்கப் பாதரிடம் சொல்லிவிட்டேன். வரமுடிந்தால் வா. வராவிட்டாலும் மனக்குறை இல்லை. மாமி உனக்கு மாசிக் கருவாட்டுத் தூள் இடித்து வைத்திருக்கிறாள், ஆரும் வந்தால் கொடுத்துவிடுவோம்.

மருமகன், இனி உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் எழுதியதற்கு நீ இன்னும் மறுமொழி போடவில்லையென்று டிலக்ஷி சொல்கிறாள். போடு. பாவம் பார்த்து எழுதாதே. பாவம் பார்ப்பதற்கு நாங்கள் இருக்கிறோம். நீ அவனை மறுத்து எழுது, நன்றாய் யோசித்து, அவன் எழும்பியிருந்து படம் கீறிப் பதில் சொல்ல வேண்டியமாதிரி எழுது. என்றைக்காவது அவன் சொல்வதே சரியென்று உன் மனத்துக்குப் பட்டாலும் உடனே ஒத்துக்கொண்டுவிடாதே. எங்களுக்குக் கொஞ்சக் காலம் தா. தேவதாய் அதை உன்மேல் பாவமாக எழுதமாட்டா.

உன்னையும் உன் பிள்ளைகளையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும் மாமா,
நீக்கிலாப்பிள்ளை