கருதி வைத்தது

நாகர்கோவில்
9 நவம்பர் 2025

அன்புள்ள ஜாஸ்மி அப்பாவுக்கு,

ஓகிப் புயலன்று வீட்டில் இன்னொரு இன்ஹேலர் இருந்திருந்தால் நம் மகள் பிழைத்திருப்பாளா என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கையிலிருந்தது தீர்ந்துபோனது, ரப்பர் மரங்கள் விழுந்து ரோடு அடைபட்டுக் கிடந்தது, அவளுக்குப் பதினொரு வயது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அரிசி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் எல்லாம் வாங்கி வையுங்கள். மழைக்காலத்துக்கு அது வேண்டியதுதான். ஆனால் வருடா வருடம் பழையதை எறிந்துவிட்டு அவளுக்குப் புது இன்ஹேலர் வாங்கி அலமாரியில் வைக்கிறீர்களே, அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் சோறு பொங்க என்னால் முடியவில்லை. அதனால்தான் நான் வேலை பார்க்கும் காலேஜுக்குப் பக்கத்தில் வீடு பார்த்து வந்தேன். கோபத்தில் அல்ல.

இந்த வருடம் அதை மட்டும் வாங்காதீர்கள். நான் வந்துவிடுகிறேன்.

மழையில் நனைய வேண்டாம்.
ஜாய்லெட்


மார்த்தாண்டம்
15 நவம்பர் 2025

பிரியமுள்ள ஜாய்லெட்டுக்கு,

ஸ்தோத்திரம். போனில் பேசினால் இரண்டு பேரும் பாதியிலேயே வைத்துவிடுகிறோம். எழுத்துதான் கொள்ளாம்.

மரச்சீனிக்கிழங்கு வத்தல் இரண்டு டின் நிறைய இருக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்துத் திரி மாற்றிவிட்டேன். "எந்த யுத்தத்துக்கு இதெல்லாம்?" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது.

கல்யாணமான புதிதில், "ஏட்டி, ஒனக்கு ரெண்டு ஏத்தம்பழம் கருதி வச்சிருக்கேன்" என்றேன். "கருதுனா வயிறு நெறஞ்சிருமாக்கும்?" என்று சிரித்தாய். உங்கள் ஊரில் கருதுவது என்றால் நினைப்பது. எங்களுக்கு, எடுத்து வைப்பது. எனக்கு இரண்டும் ஒன்றுதான் ஜாய்லெட். அவளுக்கென்று கருதாவிட்டால் அவளை மறந்ததாகிவிடாதா?

ஆனால் நீ வருகிறேன் என்று எழுதிவிட்டாய். இந்த வருடம் வாங்க மாட்டேன். சத்தியம். வா.

ஜெயசிங்


நாகர்கோவில்
28 நவம்பர் 2025

அன்புள்ள ஜாஸ்மி அப்பாவுக்கு,

நாளை வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். இருந்தாலும் எழுதத் தோன்றியது. அவளை நினைக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவுநாள். சர்ச்சுக்குச் சேர்ந்தே போவோம். துணிமணியெல்லாம் கட்டிவிட்டேன். வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று.

29 நவம்பர்

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. இன்று நடந்ததை இதிலேயே எழுதுகிறேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் இறங்கியதும், உங்கள் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாமென்று மேம்பாலத்தடியில் புதிதாக வந்திருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நீங்கள் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"மோளுக்கு உள்ளத கருதி வச்சிருக்கேன் சாறே," என்று கடைக்காரர் இன்ஹேலர் பெட்டியை எடுத்துத் தந்தார். "பிள்ளைக்கு இப்ப எப்படி உண்டு?"

"இப்ப இழுப்பு ஒண்ணும் இல்ல. ஆளு உஷாரு."

"காலேஜுல படிக்கியாளா?"

"ஆமா. நாகர்கோவில்ல. அம்மைக்கக் கூடத்தான் போக்கும் வரத்தும்."

"அப்ப அம்மைக்க செல்லம்."

"எனக்கத்தான்!" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எட்டு வருடமாகிறது.

கூப்பிடவில்லை. எதிரே நாகர்கோவில் பஸ் நின்றது. ஏறிவிட்டேன்.

ஜாய்லெட்