தாலிக்குச் சாட்சி கேட்கிறார்கள், அப்பா

அன்புள்ள அப்பா,

1934 மார்ச் 12, திங்கட்கிழமை, காலை பத்து மணி. பினாங்கு பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் நான் ஏழாவது ஆள். எனக்கு முன்னால் நின்ற ஆறு பேரும் வேலை முடிந்து போனார்கள். நான் மட்டும், முறைப்படி உங்கள் பிள்ளைதானா என்ற கேள்வியோடு வீடு வந்தேன்.

இதைப் பத்திரிகைக்குத்தான் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். நீங்கள் இருந்திருந்தால் வாயை மூடு என்றிருப்பீர்கள்.

நில அளவை செய்கிறேன் அல்லவா? கம்பெனி என்னைச் சீமைக்கு அனுப்பி மேலே படிக்க வைக்கிறேன் என்கிறது. பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. ஜூனுக்குள் கிடைக்காவிட்டால் வேறு ஆள் போவான்.

எல்லாம் தலைப்பிரசவத்தால் வந்த வினை. ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மாவை அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பினீர்களே, கூலிம் ஊருக்கு! புக்கிட் மெர்தாஜாம் வரை பிரிட்டிஷ் மண். அதைத் தாண்டிச் சில மைல் மாட்டுவண்டி. அங்கே கெடா, அப்போது சயாம் ராஜாவுக்குக் கீழே. அந்த எல்லைக் கற்களை நானே அளந்திருக்கிறேன். எந்தப் பக்கம் பிறக்கிறோம் என்று வயிற்றுப் பிள்ளை பார்த்தா பிறக்கும்?

தம்பி பினாங்கிலேயே பிறந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. “சயாம்காரரே, எங்க ஊர்ல இருக்கீங்க, பாத்து நடந்துக்குங்க லா!” என்கிறான். அடித்தால் அம்மா திட்டுவாள்.

எனக்குப் பிரிட்டிஷ் பிரஜை என்ற உரிமை உங்கள் வழியாகத்தான் வரவேண்டும். நீங்கள் இந்தத் தீவில் பிறந்ததற்குப் பத்திரம் இருக்கிறது. கொண்டுபோய் வைத்தேன். குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர்தான்.

“தம்பி, உங்கட அப்பா இங்க பிறந்தவர், அது சரி. அம்மாவை முறையாக் கலியாணம் கட்டினவர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“கோயில்ல தாலி கட்டுனாருங்க.”

“கோயில் அதுக்கு ரசீது தருமோ?”

பின்னால் நின்றவன் சிரித்தான். கல்யாணத்தைக் கண்ணால் கண்ட இரண்டு பேர் வந்து சத்தியம் செய்ய வேண்டுமாம். இல்லையென்றால் தகப்பன் உரிமை எனக்கு வராதாம். நம்மவர் கல்யாணம் எதற்குத்தான் காகிதம் இருக்கிறது? முந்நூறு பேருக்குச் சோறு போட்டீர்களாமே, ஒருவரிடமாவது கையெழுத்து வாங்கத் தோன்றவில்லையா?

அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தேன். தம்பி உளறிவிட்டான். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“உங்கப்பா செத்தன்னிக்குத் தாலிய அறுத்தாங்களே, அப்ப எவனாச்சும் கேட்டானா, இது முறையான தாலியான்னு?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“கண்ணால பாத்தவங்க வேணுமாமா? நான் அங்கதானே உக்காந்திருந்தேன்? நான் வந்து சொல்றேன்.”

உயிரோடிருக்கும் இன்னொரு சாட்சி பெரியப்பா. உங்கள் சாவுக்கு வந்து, ஒரு வாய் காப்பி குடிக்காமல் போனவர். உங்களுக்குள் என்ன சண்டை, அப்பா? அதையும் சொல்லாமலே போய்விட்டீர்கள். இப்போது அவர் வாயில்தான் நான் உங்கள் மகனாக வேண்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை காலை பெரிப் படகில் ஏறிப் பட்டர்வொர்த், அங்கிருந்து புக்கிட் மெர்தாஜாமில் பெரியப்பா வீடு. சாட்சிக்கு வரும்படி கேட்பேன். காலில் விழச் சொன்னால் விழுவேன். அவர் உங்களைத் திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். பதில் சொல்ல மாட்டேன்.

2. எனக்குக் கல்யாணம் நடந்தால், வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பந்தி. பெண்வீட்டார் கோபித்தால் கோபிக்கட்டும்.

3. திங்கட்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போவேன். அவளுக்கு முதலில் நாற்காலி கேட்பேன். அவள் உட்கார்ந்த பிறகுதான் சத்தியமும் சாட்சியும். நிற்க வைத்துத்தான் கேட்பார்கள் என்றால், மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் வெளியே வந்துவிடுவோம். கப்பல் போனால் போகட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
நீங்கள் தாலி கட்டியவள் பெற்ற
உங்கள் மூத்த மகன்