உண்ணிமீன்

கவரத்தி, லட்சத்தீவு
4.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள்; தபால்காரரைத் தடுக்க முடியாதல்லவா? என் மகள் செம்மொழிக்கு மூன்று வயதாகிறது. தை மாதம் நம் வீரன் கோயிலில் காது குத்துகிறோம். தாய்மாமன் மடி வேண்டும். வாங்க.

இங்கே என் வேலை பவளப்பாறையில் ஒரு மீனைப் பார்ப்பது. விரல் நீளம்தான். பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்து நிற்கும். இது உள்ளே போய்ச் செவுளில் ஒட்டிய பூச்சிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். அவை விழுங்குவதில்லை. தமிழில் கட்டுரை எழுதுகிறேன், ஒரு பெயர் சொல்லுங்க. ‘துப்புரவு மீன்’ நன்றாக இல்லை.

உங்கள் தங்கை,
மதிவதனி

திருப்பனந்தாள்
18.11.2024

மதிவதனிக்கு,

‘துப்புரவு மீன்’ நகராட்சி வைத்த பெயர் போல இருக்கிறது. மாட்டின் மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்குவதை உண்ணிக்கொக்கு என்கிறோம். உண்ணிமீன் என்று எழுது.

காதுகுத்துக்கு என் மடி வேண்டும். கல்யாணத்துக்கு நான் வேண்டாம். நாகப்பட்டினத்தில் உன்னைக் கல்லூரியில் சேர்க்க மழையில் நின்றவன் நான். நீ பரிதியை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டதை டீக்கடை தியாகராசன் சொல்லித்தான் அறிந்தேன். “என்ன வாத்தியாரே, தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்வீட் இல்லையா?” என்றான். கடையே சிரித்தது. இன்றுவரை அங்கே டீ குடிப்பதில்லை.

தையில் சம்பா அறுப்பு. எனக்கு ஒழியாது.

ராஜராஜன்

கவரத்தி
12.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உண்ணிமீன் என்றே எழுதிவிட்டேன்.

அது சில சமயம் பூச்சியை விட்டுவிட்டு, நம்பி வந்த மீனின் தோலையே கடித்துவிடும். அந்த மீன் துள்ளி விரட்டும். அப்புறம் உண்ணிமீன் திரும்பி வந்து அதன் முதுகைத் துடுப்பால் தடவிக்கொண்டே இருக்கும். பெரிய மீனும் மறுபடி வந்து வாயைத் திறந்து நிற்கும். இதைப் போலவே வேஷம் போட்ட இன்னொரு மீன் உண்டு. அது கடித்துவிட்டு ஓடுவதோடு சரி.

சொன்னால் கல்யாணத்தை நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். சொல்லாமல் விட்டது கடிதான், அண்ணா. தை 12 காதுகுத்து. வேறு யார் மடியிலும் அவளை உட்கார வைக்க மாட்டேன். நீங்கள் வராவிட்டால் குத்தாமலே திரும்பிவிடுவோம்.

மதி

திருப்பனந்தாள்
2.1.2025

மதிக்கு,

பெரிய மீன் மறுபடி வந்து நிற்பது மன்னித்ததால் இருக்காது. செவுள் அரிக்கும், போக வேறு இடம் இருக்காது. கட்டுரையில் அதையும் யோசி.

அறுப்பு மிஷின் தை 12 அன்றுதான் வருவதாக இருந்தது. மிஷின்கார வீரையனிடம் மறுநாள் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். தோடு வாங்கியாயிற்று, நீங்கள் வாங்க வேண்டாம். பரிதியிடம் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. கொக்கும் மாடும் பேசிக்கொண்டா இருக்கின்றன?

ஆசாரி குத்தும்போது பிள்ளை என் கையைக் கடிக்கும். உனக்குக் குத்தியபோது நீயும் மாமாவைக் கடித்தாய்.

கடிக்கட்டும்.

அண்ணன்,
ராஜராஜன்