நான் எழுதி மாற்றிய சாப்பாட்டு நேரம்

அருமை வீட்டுக்காரிக்கு,

நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அம்மாவுக்கு இருமல் நின்றதா என்று எழுது.

இங்கே உன் புருஷன் எழுத்தாளன் ஆகிவிட்டான். தொழிலாளிகள் மனதில் பட்டதை எழுதட்டும் என்று கம்பெனி ஒரு வலைப்பூ திறந்திருக்கிறது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டு, மெஷினை நிறுத்தாமல் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட வேண்டும் என்பது மேனேஜர் திட்டம். ஒருத்தரும் மசியவில்லை.

"அண்ணே, நீங்க சொன்னா கல்லும் தலையாட்டும். நாலு வரி எழுதுங்க" என்றார் சூப்பர்வைசர்.

எட்டாவது வரை படித்த கை சும்மா இருக்குமா? தனியாகச் சாப்பிட்டால்தான் சோறு உடம்பில் ஒட்டும், இது என் அனுபவம் என்று அடித்துவிட்டேன். உலகமே படித்தது. முறைத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்கூட, "மாமா, நீ சொன்னா சரிதான்யா" என்று ஒத்துக்கொண்டான்.

போன வாரம் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. என் நேரம் பதினொன்றரை. நாற்பது பேர் உட்காரும் ஹாலில் நான் மட்டும் ராஜா மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். குழம்பில் பங்கு கேட்க ஆளில்லை. சோறுதான் பாதி மீந்துவிடுகிறது.

நான் பொங்கி எடுத்துப்போகிற நாலடுக்குத் தூக்கு இனி எதற்கு? ஒருத்தர் சாப்பிடுகிற அளவில் சின்ன டப்பா ஒன்று பார்சலில் அனுப்பு. எனக்குப் பதினொன்றரை என்றால் இனி உனக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். போனைப் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வை. பேச வேண்டாம், நீ சாப்பிடுகிற சத்தம் கேட்டால் போதும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நான் எழுத்தாளன் ஆனதை அம்மாவிடம் சொல். டப்பா விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்