காப்பகத்துக்கு ஆபீசர் வந்தார்

மாசி 19, திங்கள்

காலையிலேயே வெய்யில் மண்டையப் பொளக்குது. நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியாச்சு. பனியன் கம்பெனியில கட்டிங் டேபிள அசிஸ்டெண்ட் பாத்துக்குவான். வாங்கோணும்: தக்காளி, பிளேடு, மக தீபாவுக்கு வலிப்பு மாத்திரை.

பகல்நேரக் காப்பகத்துக்கு நாளைக்கு சென்னை ஆபீசர் வர்றார். பட்ஜெட்டுல மூளை வளர்ச்சி கொறஞ்ச நம்ம புள்ளைங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாராம். ஒண்ணே ஒண்ணுதான். காப்பகம் நடக்கோணும். இதுவரைக்கும் நடத்தின டிரஸ்ட்காரங்க கைவிரிச்சுட்டாங்க.

பெத்தவங்க சங்கத் தலைவி ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரம்மா, இங்க மண்ணரையில டெய்லர். போன்ல: "அண்ணே, கஷ்டத்த மட்டும் சொல்லுங்க. நமக்குப் பொறவு இதுகள யாரு பாப்பான்னு கேளுங்க."

சுருக்குனு கோவம் வந்துருச்சு. எம் புள்ளைய எதுக்குப் பாரமாக் காட்டோணும்? பனியன்ல தொங்கற பிசிறு நூல வெட்டக் கத்துக்கிட்டா. அதையே காட்டறேன்.

மாசி 20, செவ்வாய்

ஆபீசர் நல்ல மனுசன். தரையிலயே உக்காந்துட்டார். தீபா நாக்க நீட்டிக்கிட்டு, ஒரு நூல் விடாம வெட்டினா. அவரு கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கல.

"வெரி குட். இவ்வளவு பண்றாங்கன்னா காப்பகம் எதுக்குங்க? நேரா கம்பெனிக்கே அனுப்பலாமே!"

நானும் சிரிச்சேன். சிரிச்சுத் தொலைச்சேன்! கார் போன பொறகுதான் தூக்கிவாரிப் போட்டுது. வெட்டற வரைக்கும் காப்பகத்து ஆயா அவ முழங்கையப் புடிச்சுட்டே இருந்தா. அவரு பாக்கல. நானும் சொல்லல.

ஊட்டுல சம்சாரம் சாந்தி சோறு போட்டா. பாதியிலயே கை கழுவிட்டேன்.

மாசி 29, வியாழன்

கேன்டீன் டி.வி.யில பட்ஜெட். இந்திக்காரப் பசங்க சத்தம். காதத் தீட்டிட்டு நின்னேன். மாற்றுத்திறனாளிகளுக்கு கம்பெனிகள்லயே தொழிற்பயிற்சியாம். காப்பகம்னு ஒரு வார்த்தை இல்ல. போன்ல போட்டுத் திரும்பக் கேட்டேன். இல்லவே இல்ல. அப்புறம் மிஷினத் தொடல.

மேனேஜர் வேற முதுகுல தட்டி, "மாஸ்டர், பாப்பாவ நம்ம கம்பெனிக்கே அனுப்புங்க!" அட கெரகமே. இங்க வலிப்பு வந்தா யாரு தூக்குவா?

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல.

"உங்க பிள்ள பிசிறாவது வெட்டுது. எம் மவன் படுத்தே கெடக்கான். அவன எந்தக் கம்பெனிக்கு அனுப்ப, அண்ணே?"

அந்தப் பையன நெனைக்கவே இல்லையே நான்.

சட்டசபையில மானியக் கோரிக்கை விவாதம் இன்னும் வரல. அதுல மந்திரி சேத்து அறிவிக்கலாமாம். ஞாயித்துக்கிழமை சென்னைக்கு ரயில். மந்திரியப் பாத்து நானே பேசறேன்னு ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டேன்.

பங்குனி 1, சனி

டிக்கெட் எடுத்தாச்சு. மாத்திரை பையில.

சாந்தி முன்னாடி பேசிப் பழகினேன். "எம் பொண்ணு தனியா பாத்ரூம் போகமாட்டாளுங்க. மாசா மாசம் அந்த மூணு நாளும் அவங்கம்மாதான் துணி மாத்தி உடறா. ஆள் இல்லாம அவளால ஒண்ணும் முடியாதுங்க." ரெண்டு தடவை பாதியிலயே நிறுத்திட்டேன். மூணாவது தடவை சரியா வந்துச்சு.

திரும்பிப் பாத்தா தீபா கதவப் புடிச்சுட்டு நிக்கறா. மூஞ்சி செவந்து கெடக்கு.

"அப்பா, பொய்யி சொல்லாத. எனக்கு முடியும்."

ஐயோ சாமி.

நாளைக்கு இவளையும்தான் கூட்டிட்டுப் போறோம். இவ முன்னாடியேதான் சொல்லோணும்.