கேசட்டில் வரும் அம்மா

போத்தனூர்
18.11.1996

அன்புள்ள சாந்தாமணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். பெங்களூரில் உனக்கும் மாரியம்மன் துணை இருக்கட்டும். லோகப்பிரியாவுக்குச் சளி விட்டுவிட்டது. நாலாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து தலையைத் தானே பின்னிக்கொள்கிறாள். வகிடு கோணலாகத்தான் வருகிறது. எனக்கும் நேராக எடுக்கத் தெரியவில்லை.

உங்கள் தியான நிலையத்து மேனேஜர் சென்னகேசவன் வீட்டுக்கு வந்திருந்தார். மார்கழியில் கோயமுத்தூர் கல்யாண மண்டபத்தில் முகாம் நடக்கிறதாம். நீ பேசும்போது லோகுவும் மேடையில் உட்கார வேண்டுமாம். பெற்றவர்கள் கேட்கிற கேள்விக்கு அவள் மனதில் தோன்றுவதைச் சொன்னால் போதுமாம். உனக்கும் இதில் சம்மதம் என்றார். நோட்டீஸில் போட அவள் போட்டோவும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசித்துவிட்டேன், சாந்தா. வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து ஒரு தம்பதி நம் ரயில்வே குவார்ட்டர்ஸை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அவர் பெயர் கருப்புசாமி, அந்த அம்மா நாச்சியம்மாள். அவர்களுடைய பையனுக்கு நாலு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. 'உள்ளறிவுக் குழந்தையை வளர்ப்பது எப்படி' என்ற உன் கேசட்டை வீட்டில் தினமும் போட்டுக் கேட்கிறார்களாம். நிலையத்தில் ஒரு வகுப்பு முடிந்தால் அடுத்த வகுப்பு, அது முடிந்தால் அதற்கும் மேலே ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். பையனை டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று கேசட்டிலேயே அம்மா சொல்லியிருக்கிறார்களே என்றாள் நாச்சியம்மாள். அந்த இடத்தை அவள் மனப்பாடமாகவே ஒப்பித்தாள். பேசாத குழந்தை உள்ளே எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறது, மருந்து கொடுத்து அதைக் கலைத்துவிடாதீர்கள் என்று.

அப்புறம் லோகுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்ற பையன் எப்பப் பேசுவான்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு."

லோகு பயந்துபோய் என்னைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் யார்டில் ஒரு இன்ஜின் கூவியது. நம் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போடும், உனக்குத் தெரியும். கருப்புசாமியும் திடுக்கிட்டார். பையன் மட்டும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. லோகு எழுந்து போய் ஒரு சில்வர் தட்டைக் கொண்டுவந்து அவன் முதுகுக்குப் பின்னால் போட்டாள். அதற்கும் அவன் திரும்பவில்லை.

"அவனுக்குக் காது கேக்கலீங்க போல" என்றாள் என்னிடம்.

நான்தான் பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். நாச்சியம்மாள் பையனை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கருப்புசாமி காப்பியைத் தொடாமலே எழுந்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு லோகு டேப்ரிக்கார்டரில் உன் கேசட்டைப் போட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் போடுவாள். அதில் சொல்லியிருப்பதற்காக இல்லை, உன் குரலுக்காக. அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்கப்பா, தெனமும் காலைல நான் என்ன கனவு கண்டேன்னு அம்மா கேப்பாங்களாமா. எப்பங்கப்பா கேட்டாங்க?"

நான் கேசட்டை எடுத்து உறையில் போட்டுவைத்தேன்.

அவளுடைய உள்ளறிவுக்கு அடையாளமாக நீ கேசட்டில் சொல்கிறபடி, டவுன்பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று அவள் அன்றைக்கு அழுததும், அதே பஸ் குறிச்சி தாண்டி மரத்தில் மோதியதும் நிஜம்தான். ஏன் அழுதாள் என்று அவளுக்கே இப்போது ஞாபகம் இல்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. ஒர்க்ஷாப்பில் யாரிடமாவது பேச்சு வாங்கிக்கொண்டு வந்தால், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னே என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறாள். அந்த அறிவு பக்கத்தில் இருப்பவர்களுக்காக வருவது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு அதை எப்படி எடுத்துக்கொடுப்பாள்?

நம் சின்னவன் பிறந்து தங்காமல் போன அந்த வருஷம் உன்னைத் தேற்றி எழுப்பி உட்காரவைத்தது அந்த நிலையம்தான். அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதுவரை வாய் திறக்கவில்லை.

மேடைக்குப் போக வேண்டாம் என்று லோகுவிடம் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் அம்மா கோயமுத்தூருக்கு வரமாட்டார்களா என்று. வருவாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாலுசாமி

போத்தனூர்
2.1.1997

அன்புள்ள சாந்தாமணிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். முகாமன்று காலையில் நீ வீட்டுக்கு வருவாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். லோகு பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு வாசல் கேட்டருகிலேயே நின்றாள். நான் அரிசியும் பருப்பும் சாதம் ஆக்கி வைத்திருந்தேன். மதியம் தாண்டியதும் பஸ் பிடித்து மண்டபத்துக்கே வந்துவிட்டோம். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. நீ எங்களைப் பார்த்திருக்க முடியாது.

வெள்ளைப் புடவையில் இளைத்துத் தெரிந்தாய். கேசட்டில் இருக்கும் வரிசையிலேயே பேசிக்கொண்டு வந்தாய். பேசாத குழந்தையைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தபோது நீ நிறுத்தினாய். தண்ணீர் வாங்கிக் குடித்தாய். பிறகு வேறு ஒன்றைப் பேச ஆரம்பித்துவிட்டாய். மேடை ஓரத்தில் நின்ற சென்னகேசவன் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். என் கடிதத்தை நீ படித்திருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கருப்புசாமி எழுதியிருந்தார். டாக்டரும் லோகு சொன்னதையேதான் சொன்னாராம். பையனுக்குக் காதில் மெஷின் வைத்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் அதற்கென்று இருக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டிருக்கிறார்கள். லோகுவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

கூட்டம் முடிந்து உன்னைப் பார்க்கக் கேட்டதற்கு, அம்மா ஓய்வில் இருக்கிறார்கள், ஆசீர்வாதத்துக்குக் குழந்தைகள் மட்டும் வரிசையில் வரலாம் என்றார்கள். நான் யாரென்று சொல்ல வாய் வரவில்லை. லோகு என் கையை விட்டுவிட்டுப் போய் மற்ற குழந்தைகளோடு வரிசையில் நின்றுகொண்டாள். அவள் முறை வந்தபோது நீ அடையாளம் கண்டுகொண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எல்லாக் குழந்தைகளையும் போல அவள் தலையிலும் கையை வைத்தாய். ஆனால் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சென்னகேசவன் வந்து ஏதோ சொன்ன பிறகுதான் எடுத்தாய். அப்புறம் உன்னைக் காருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது லோகு அழவில்லை. உக்கடம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா கை நடுங்குச்சுங்கப்பா. அவங்களுக்கு அங்க பயமா இருக்குது. வரச் சொல்லுங்க."

அவள் சொல்வது சரியா தப்பா என்று நான் கேட்கப்போவதில்லை. எதற்குப் பயம் என்றும் கேட்கமாட்டேன். இங்கே உன்னிடம் யாரும் எந்த விளக்கமும் கேட்கமாட்டார்கள். பொங்கலுக்கு எனக்கு லீவு இருக்கிறது. எந்த வண்டியில் வருகிறாய் என்று ஒரு வரி போடு. வரி போட நேரமில்லை என்றால் அப்படியே புறப்பட்டு வா. எந்த வண்டி வந்தாலும் ஸ்டேஷனில் நாங்கள் நிற்போம். நிலையத்து ஆட்கள் யாரும் வேண்டாம், தனியாக வா, அம்மணி. பத்திரமாக வா.

உன்,
பாலுசாமி